அட்டையில் 8கே, திரையில் கலங்கல்: மீடியா பிளேயர் கேள்வி – பதில்

*அட்டையில் ‘8கே அல்ட்ரா’ என்று அச்சடித்த ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். யூடியூப் பளிச்சென்று தெரிகிறது. நெட்ஃபிளிக்ஸ் போட்டால் மட்டும் பழைய டிவிடி பார்ப்பதுபோல் கலங்கலாக இருக்கிறது. இணைய வேகம் 100 எம்பிபிஎஸ். பெட்டி பழுதா?*

பழுதில்லை, பெட்டிக்கு அனுமதி இல்லை. கட்டணச் சேவைகள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். எல்1 நிலை உள்ள கருவியில் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே முடிந்துவிடும். எல்3 என்றால் எல்லாம் மென்பொருளில் நடக்கும், நடுவில் யாரும் படத்தை உருவிக்கொள்ளலாம். அதனால் எல்3 கருவிகளுக்குப் பெரும்பாலும் 480பி தரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தானே சோதித்துச் சான்றளித்த கருவிகளுக்குத்தான் எச்டியும் 4கேயும் தரும். எல்1 இருந்தும் அந்தச் சான்று இல்லாவிட்டால் கலங்கல்தான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகமே 15 எம்பிபிஎஸ்தான், ஆகவே உங்கள் இணைப்பைக் குறை சொல்ல வழியில்லை. யூடியூபின் இலவசக் காணொளிகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, அதனால் அது தப்பித்தது.

சோதித்துப் பார்க்க ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற செயலியை நிறுவி, வைட்வைன் பகுதியில் பாதுகாப்பு நிலை எல்1 என்று இருக்கிறதா பாருங்கள். வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள இன்னொரு அடையாளம் உண்டு: முகப்புத் திரை டேப்லெட் மாதிரி இருந்து, ரிமோட்டில் மவுஸ் அம்புக்குறிப் பொத்தானும் இருந்தால், அது டிவிக்கென்று செய்த ஆண்ட்ராய்டு டிவி அல்ல. ஃபோன் ஆண்ட்ராய்டுக்கு வேஷம் கட்டி விட்டிருக்கிறார்கள்.

அட்டையில் போட்ட 8கேயை மறந்துவிடுங்கள். பின்பக்கம் இருப்பது எச்டிஎம்ஐ 2.0 என்றால் அதன் கொள்ளளவு 18 ஜிபிபிஎஸ், 4கே படம் நொடிக்கு 60 பிரேம் வரைதான் சரளமாகப் போகும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023ல் வெளிவந்த ‘பேட்பாக்ஸ்’ விவகாரத்தில், சான்று பெறாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் சில ஆலையிலிருந்தே தீநிரலோடு வந்தது தெரியவந்தது. அப்படிப்பட்ட பெட்டியில் வங்கிக் கணக்கோடு தொடர்புள்ள மின்னஞ்சலைப் போட்டு வைக்காதீர்கள்.

*சேவைச் செயலிகள், ஹார்டு டிஸ்கில் உள்ள படங்கள், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை), எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்யும் ஒரே பிளேயர் எது?*

அப்படி ஒன்று இல்லை. எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆப்பிள் டிவி 4கேயில் சேவைச் செயலிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், டால்பி விஷன் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்டிஆரில் ஒரு வகை) உண்டு. ஆனால் ஒலியை அப்படியே ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு) கடத்தும் பாஸ்த்ரூ கிடையாது. தானே பிரித்து பிசிஎம்மாகத்தான் (சுருக்காத ஒலியாக) அனுப்பும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளின் அட்மாஸ் கிடைக்கும். ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த கோப்பின் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி ஒலி) அட்மாஸில் உயர ஒலிகள் போய்விடும். ஹார்டு டிஸ்க் செருக யுஎஸ்பி துளையும் இல்லை. 2022 மாடலில் 64 ஜிபி பெட்டிக்கு ஈதர்நெட்டே கிடையாது, 128 ஜிபி பெட்டிக்கு மட்டும்தான் உண்டு. இதை கவனிக்காமல் வாங்கிவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

என்விடியா ஷீல்டு டிவி புரோ நேர் எதிர். 2019ல் வந்த பெட்டி. ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி எதையும் தொடாமல் ரிசீவருக்கு அனுப்பும், இரண்டு யுஎஸ்பி 3.0, கிகாபிட் ஈதர்நெட். ஆனால் வயசு தெரிகிறது: ஏவி1 கோடெக்கை (புதிய காணொளிச் சுருக்க முறையை) சிப்பில் விரிக்கத் தெரியாது, யூடியூபில் எச்டிஆர் வராது.

சொந்தக் கோப்புகள் இல்லை, சேவைகள் மட்டுமே பார்ப்பேன் என்றால் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸ் மாதிரியான குச்சியே தாராளம். ஏவி1, டால்பி விஷன், அட்மாஸ் எல்லாம் அதில் அடக்கம். பெரிய பெட்டிக்குக் காசு போடுவது வீண்.

*நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில்) வைத்திருக்கும் 4கே எம்கேவி கோப்புகளை டிவியிலுள்ள செயலியிலேயே பார்க்கிறேன். சண்டைக் காட்சி வந்தால் மட்டும் நின்று நின்று ஓடுகிறது. வைஃபை வேண்டாம் என்று ஈதர்நெட் வயரே இழுத்துவிட்டேன். அப்படியும் தீரவில்லை.*

வயர்தான் இங்கே வினை. விலை உயர்ந்த டிவிகளில்கூட ஈதர்நெட் துளை பல நேரம் 100 எம்பிபிஎஸ் வகைதான். நிஜத்தில் கைக்கு வருவது 94 சொச்சம். 4கே ப்ளூ-ரேயில் 100 ஜிபி வட்டின் உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ். சராசரி 60 எம்பிபிஎஸ் உள்ள படம்கூடப் புகை, மழை, தீப்பொறி பறக்கும் காட்சிகளில் சில நொடிகள் 100ஐத் தாண்டும். சராசரியைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். (இடத்துக்கு வேண்டுமானால் சராசரியே போதும்: 60 எம்பிபிஎஸ் வேகத்தில் 2 மணி நேரப் படம் 54 ஜிபி.)

அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் இருந்தால், வயரைக் கழற்றிவிட்டு வைஃபையில் போட்டுப் பாருங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இந்த டிவிகளில் வைஃபைதான் வேகம். இல்லையென்றால் கிகாபிட் ஈதர்நெட் உள்ள தனி பிளேயர் வாங்க வேண்டும்.

செலவு செய்யும் முன் நோய் எங்கே என்று பிரித்துவிடுங்கள். நின்று போகும் அதே கோப்பை யுஎஸ்பி டிஸ்கில் நகலெடுத்து நேராகச் செருகி ஓட்டுங்கள். சரளமாக ஓடினால் குற்றம் நெட்வொர்க்கில். அங்கேயும் திக்கினால் கோடெக்கில். டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

தனி பிளேயர் வாங்கிய பிறகும் தகராறு தொடர்ந்தால் வயரின் முனைகளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனால் இணைப்பு பல நேரம் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி நிற்கும். ரௌட்டரின் பக்கத்தில் அந்தத் துளையின் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். கேட் 5இ வயரே போதும், கேட் 8 தேடி அலைய வேண்டியதில்லை.

ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற வீட்டு சர்வர் மென்பொருள் வழியாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ப்ளூ-ரே சப்டைட்டில்கள் எழுத்தாக இருப்பதில்லை, படங்களாக இருக்கும். பிளேயருக்கு அவற்றைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வரே படத்தின் மேல் எழுத்தை ஒட்டி முழுப் படத்தையும் மறுபடி சுருக்கத் தொடங்கும். நாஸின் சின்ன சிப் அதற்குத் தாங்காது. சர்வரின் டாஷ்போர்டில் ‘டைரக்ட் பிளே’ என்று இருக்க வேண்டும். ‘டிரான்ஸ்கோட்’ என்று கண்டால் சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள், அல்லது எஸ்ஆர்டி (வெறும் எழுத்து) கோப்பாக மாற்றுங்கள்.

*டிவி 1080பிதான். 4கே பிளேயர் வாங்கலாமா?*

வாங்குங்கள். நாளை 4கே டிவி வாங்கினாலும் பிளேயரை மாற்ற வேண்டி வராது, 4கே மாடல்களில் சிப்பும் பெரும்பாலும் வேகமானது. அமைப்பில் வெளியீட்டை 1080பியில் வைத்துவிட்டால் போதும்.

*சவுண்ட்பாரில் அட்மாஸ் விளக்கு எரியவே இல்லை. பிளேயரிலும் அட்மாஸ், டிவியிலும் அட்மாஸ் என்று எழுதியிருக்கிறது. ஆப்டிகல் வயரில் இணைத்திருக்கிறேன்.*

கேள்வியின் கடைசி வாக்கியத்தில் பதில் இருக்கிறது. ஆப்டிகல் வயரில் போவது ஸ்டீரியோ பிசிஎம், அல்லது சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1. அவ்வளவுதான். சேவைகள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸில் வைத்து அனுப்புகின்றன, நெட்ஃபிளிக்ஸில் அது 768 கேபிபிஎஸ் வரை. அதற்கு ஆப்டிகலில் வழியே இல்லை.

சவுண்ட்பாரில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையையும், டிவியில் அதே பெயர் எழுதிய துளையையும் இணையுங்கள். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளைக்கும் இந்த வசதி இருக்காது, ஒன்றில்தான் இருக்கும். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு ‘பிசிஎம்’ என்று இருந்தால் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ ஆக்குங்கள். இந்த ஒரு வரியை மாற்றாமல் சவுண்ட்பாரையே கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சேவைகளின் அட்மாஸுக்குச் சாதாரண ஏஆர்சி போதும். ப்ளூ-ரே கோப்புகளின் ட்ரூஎச்டி அட்மாஸுக்கு இஏஆர்சி கட்டாயம், அதன் கொள்ளளவு 37 எம்பிபிஎஸ். டிடிஎஸ் கதை தனி. உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பல டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்துவதே இல்லை. டிவியை நம்பாமல் பிளேயரை முதலில் சவுண்ட்பார் அல்லது ரிசீவரின் உள்ளீட்டில் செருகி, அங்கிருந்து படத்தை டிவிக்கு அனுப்பினால் இந்தத் தலைவலி மொத்தமாகத் தீரும். அப்படிச் செய்யும்போது நடுவில் உள்ள கருவி எச்டிசிபி 2.2 (எச்டிஎம்ஐ வயரில் போகும் படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டு) ஏற்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் சேவைகளின் 4கே சுருங்கி 1080பி ஆகும், சில சமயம் திரையே கறுத்துப்போகும்.

*நல்ல இணையம், நல்ல பெட்டி. ஆனாலும் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் மெல்லத் துடிக்கிறது.*

சினிமா நொடிக்கு 24 பிரேம். உங்கள் பெட்டி 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. 60ஐ 24 ஆல் வகுத்தால் இரண்டரை வருகிறது. அரைப் பிரேமைக் காட்ட முடியாதே! அதனால் ஒரு பிரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டுகிறது: ஒன்று 50 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 33. படத்தின் முடிவில் மேலே ஏறும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள், எழுத்துகள் நொண்டிக்கொண்டு ஏறும்.

அமைப்பில் பிரேம் ரேட்டைப் பொருத்தும் வசதியை இயக்குங்கள். ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் கன்டென்ட்’ என்ற தலைப்பில் இருக்கும், கோடி (Kodi) என்ற பிளேயர் செயலியில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைச் சரிசெய்யும் வரி. படம் தொடங்கும்போது ஓரிரு நொடி திரை கறுத்து மீளும், பயப்பட வேண்டாம். பெரும்பாலான படங்கள் துல்லியமாக 23.976. பெட்டி அதை 24.000ல் அனுப்பினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன உதறல் வரும்.

அதே பக்கத்தில் எச்டிஆரையும் ‘எப்போதும்’ என்பதிலிருந்து ‘படத்துக்கேற்ப’ என்று மாற்றிவிடுங்கள். சாதாரணப் படத்தை எச்டிஆராகத் திணித்தால் முகங்கள் வெளிறிப்போகும்.

*தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. சில படங்களில் கட்டம் இல்லை, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது.*

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள், மூன்றாவதும் ஒன்று உண்டு. கட்டம் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் தேர்ந்தெடுங்கள். புரியாத ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் கோப்பு யுடிஎஃப்-8 ஆக இல்லை. நோட்பேடில் திறந்து, தமிழ் சரியாகத் தெரிந்தால் யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் பழைய டிஸ்கி குறியாக்கமாக இருக்கலாம், யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும். ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்தே பின்னால் போய் நின்றால் அந்தச் செயலிக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. உங்களால் சரிசெய்ய முடியாது, வேறு செயலிக்கு மாறுங்கள்.

*24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) பாட்டுகளை இந்தப் பெட்டிகளிலேயே கேட்கலாமா?*

கேட்கலாம், ஆனால் 96 ஆக வெளியே வருவது அரிது. ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவும், ஆப்பிள் டிவியும் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் அனுப்புகின்றன. ரிசீவரின் முகப்பில் எண் தெரியும், பார்த்துக்கொள்ளலாம். பாட்டுதான் முக்கியம் என்றால் நெட்வொர்க் வழி பாட்டை நேராக இழுக்கும் ரிசீவரையோ தனி மியூசிக் ஸ்ட்ரீமரையோ பயன்படுத்துங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்பது வேறு சண்டை.

*ஸ்டிக் படத்தின் நடுவில் தானே அணைந்து மறுபடி தொடங்குகிறது. யுஎஸ்பி டிஸ்க் செருகிய நாளிலிருந்து ரிமோட்டும் சொன்னதைக் கேட்பதில்லை.*

ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. யுஎஸ்பி 2.0 துளையின் அளவு அரை ஆம்பியர்தான், அது போதாது. ஸ்டிக்குடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். ரிமோட் விஷயம்: யுஎஸ்பி 3.0 டிஸ்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கக்கும், புளூடூத் ரிமோட் பேசுவதும் அதே அலைவரிசையில். டிஸ்கை நீளமான வயரில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஸ்டிக்கையும் எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் மாட்டி டிவியின் முதுகிலிருந்து வெளியே எடுத்தால் சூடும் குறையும்.