தனி மோல்டு இல்லாமல் கிரக வடிவ உருண்டை குக்கீஸ் வீட்டில் செய்ய முடியுமா?

பிள்ளையின் பிறந்தநாளுக்கு எட்டுக் கிரகங்களையும் தட்டையாக இல்லாமல் உருண்டையாகவே செய்ய வேண்டும், சிலிக்கான் மோல்டு இல்லை, சாதாரண ஓடிஜி (மேஜை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) மட்டும்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். வேலூரில் வீட்டிலிருந்தே பேக்கிங் ஆர்டர் எடுப்பவள் நான். எனக்கு மோல்டு எல்லாம் எவர்சில்வர் கிண்ணங்கள்தான். கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகின் மேல் மாவைப் போர்த்திச் சுட்டால் அரைக்கோளம் கிடைத்துவிடும். இரண்டை ஒட்டினால் ஒரு கிரகம். கிண்ணத்தின் அடி கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் ஒரு துண்டு மாவைக் கூட வைத்து மேடாக்கிவிடலாம். புதன், செவ்வாய் மாதிரி சின்னவற்றுக்குக் குழிப்பணியாரச் சட்டியே போதும் (பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் ஓடிஜிக்குள் வைக்காதீர்கள்). குழியில் நெய் தடவி, மாவை மட்டமாக அழுத்திச் சுட வேண்டியதுதான்.

நிஜ விகிதத்தில் செய்யலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வியாழனின் விட்டம் பூமியைப் போல 11 மடங்கு. பூமியைப் பணியார அளவில் வைத்தால் வியாழன் ஓடிஜிக்குள்ளேயே நுழையாது. பெரியதிலிருந்து சிறியதாக வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், பூமி, வெள்ளி, செவ்வாய், புதன் என்ற வரிசை கெடாமல் இருந்தால் சரி.

மாவுக்கு மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, பிசைவதற்குக் கொஞ்சம் பால். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. அது சேர்ந்தால் மாவு உப்பி, விளிம்பு கோணலாகிவிடும். நம்ம ஊர் வெயிலில் வெண்ணெய் பிசையும்போதே உருகும், அதனால் விடியற்காலையில் பிசைந்துவிடுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நெய் தடவிய கிண்ணத்தின் மேல் போர்த்தி, மடிப்பு விழும் இடங்களை விரலால் நீவி, விளிம்பைக் கத்தியால் சுற்றி வெட்டுங்கள். அப்படியே கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்த்தால் மாவு சூட்டில் வழுக்கி இறங்கி, உச்சி மெலிந்து, கீழே தடித்துவிடும். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பு இருக்கும்போதே மெல்லத் திருகிக் கழற்றுங்கள்.

ஆறியபின் விளிம்பை கேரட் துருவியின் நைஸான பக்கத்தில் வட்டமாகத் தேய்த்தால் மட்டமாகிவிடும். தூள் உதிரும், பயப்பட வேண்டாம். உள்ளே கூடு காலியாகத்தான் இருக்கும், கலர் மிட்டாய் போட்டு மூடினால் உடைக்கும்போது குழந்தைகள் கூச்சல் போடுவார்கள். ஒட்டுவதற்குச் சாக்லேட்டை நம்பாதீர்கள், வேலூர் மதியத்தில் இளகி மேல்பாதி நகர்ந்துவிடும். மெரிங்கு பவுடரும் (முட்டை வெள்ளைக்கருவில் செய்த பொடி) ஐசிங் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாக அடித்த ராயல் ஐசிங்தான் கல் மாதிரி பிடிக்கும்.

எல்லோரும் மெனக்கெடுவது அந்த ஒட்டுக்கோட்டை மறைக்கத்தான். என்னைக் கேட்டால் மறைக்கவே வேண்டாம், அதையே கிரகத்தின் நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். வியாழனின் பட்டைகள் எல்லாம் நடுக்கோட்டுக்கு இணையாகவே ஓடுகின்றன. வெள்ளை ஐசிங் காய்ந்ததும், இன்ஸ்டன்ட் காபித்தூளை நாலு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, தூரிகையால் ஒட்டின் மேலேயே ஒரு பட்டை இழுங்கள், மேலும் கீழும் இன்னும் சில. வியாழனின் பெரிய புயலான சிவப்புப் புள்ளி தென்பாதியில் வரவேண்டும். செவ்வாயில் நடுக்கோட்டை ஒட்டியே சுமார் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வாலிஸ் மரினெரிஸ் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டை நிரப்பாமல் விட்டு, கோகோ தடவினால் அதுவே பள்ளத்தாக்கு! சனிக்கு இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு தட்டையான வட்ட பிஸ்கட்டை வைத்து ஒட்டிவிடுங்கள், அதுதான் வளையம். அதன் விட்டம் கோளத்தைப் போல இரண்டேகால் மடங்கு இருந்தால் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றும் கிரகம், அச்சு 98 டிகிரி சாய்வு. அதனால் ஒட்டுக்கோடு செங்குத்தாக நிற்கும்படி வைத்து, அதன் மேல் மெல்லிய ஐசிங் கோடு ஒன்றைச் சுற்றுங்கள். அதற்கும் வளையம் உண்டு. 1977 மார்ச்சில் அந்த வளையங்கள் தெரியவந்தபோது, நம் பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கேக்கை விட்டுவிட்டு யுரேனஸைப் பிடித்துக்கொள்வார்கள்.

நிறத்தில் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே வருவார்கள். கோயிலில் சனிக்குக் கருப்பு, புதனுக்குப் பச்சை. வானத்தில் சனி வெளிர் மஞ்சள், புதன் சாம்பல் (கசகசா தூவினால் பள்ளங்கள் தயார்). நெப்டியூனை அடர்நீலமாக்க வேண்டாம். வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில் நிறத்தைக் கூட்டிக் காட்டியதால் வந்த பழக்கம் அது. 2024-ல் வெளியான மறு ஆய்வில் யுரேனஸ், நெப்டியூன் இரண்டுமே பச்சை கலந்த வெளிர்நீலம்தான், நெப்டியூனில் நீலம் ஒரு துளி அதிகம். ஒரே கிண்ணம் ஐசிங்கில் இரண்டையும் முடித்துவிடலாம்.

ஐசிங் காய்வதற்கு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் வழியும். ஃபேனுக்குக் கீழே ஓர் இரவு போதும். மழைக்காலமானால் கூடுதல் நேரம் ஆகும். அப்புறம் காற்றுப் புகாத டப்பா. மண்டபத்துக்கு எடுத்துப் போவதானால் அட்டைப்பெட்டியில் பொரியைக் கொட்டி அதன் நடுவே பதித்து வையுங்கள், ஆட்டோ குலுக்கலையும் தாங்கும். சனியை மட்டும் வளையத்தை ஒட்டாமல் தனியாகக் கொண்டுபோய் அங்கே போய் ஒட்டுங்கள்.