குழந்தை வீட்டுக்கு வருது: பாட்டி தாத்தாக்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: என் மக முதல் பிரசவம் முடிஞ்சு அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வர்றா. கோத்தகிரி டிசம்பர் குளிரு உங்களுக்கே தெரியும். என் மூணு பிள்ளைங்களையும் ரூம்ல குமுட்டி அடுப்புல கரி போட்டு கதவ சாத்தி வெச்சுத்தான் வளத்தேன். இப்ப மாப்பிள்ள அடுப்பு ரூமுக்குள்ளயே வரக்கூடாதுங்கறாரு. பச்ச குழந்தைய குளிர்ல எப்படிங்க வெச்சுக்கறது? மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்க பாசம் புரியுது, ஆனா இந்த ஒரு விஷயத்துல மாப்பிள்ள சொல்றதுதான் சரி. கரி எரியறப்ப கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும், அதுக்கு நெறமும் இல்ல வாசமும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல போய் அதவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், தூங்கறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க. கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி அடுப்ப வெச்சுட்டுப் படுத்தவங்க இறந்துபோன செய்திய நாம படிச்சிருக்கோம். குழந்தை நம்மள விட வேகமா மூச்சு விடும், அதனால அதுக்குத்தான் முதல்ல பாதிக்கும். அப்ப உங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலயேன்னு கேப்பீங்க. அன்னிக்கு ஓட்டு வீடு, பலகைக் கதவு, சந்து பொந்துல எல்லாம் காத்து போகும். இன்னிக்கு கான்கிரீட்டும் கண்ணாடி ஜன்னலும், இழுத்து சாத்துனா போன காத்து திரும்பி வர வழியில்ல. தலைக்கு குளிச்ச குழந்தைக்கு சாம்பிராணி போடறதும் வேண்டாம், அந்தப் புகையும் அது நெஞ்சுக்குள்ளதான் போகும்.

சரி, குளிருக்கு என்ன பண்றது? இருக்கறதுலயே நல்ல கணப்பு அம்மா நெஞ்சுதான். குழந்தைக்கு குல்லா, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டு வெறும் நெஞ்சுல படுக்க வெச்சு மேல ஒரு சால்வைய போத்துங்க, மூக்கும் வாயும் வெளிய தெரியணும். 1978-ல கொலம்பியாவுல பொகோட்டா ஆஸ்பத்திரியில, எடை கொறஞ்ச குழந்தைங்களுக்கு இன்குபேட்டர் பத்தாம இப்படி ஆரம்பிச்சாங்க, இப்ப கங்காரு பராமரிப்புன்னு நம்ம அரசு ஆஸ்பத்திரியிலயே சொல்லித் தர்றாங்க. மக குளிக்கப் போனா, சாப்பிட உக்காந்தா, நீங்களும் அப்படி வெச்சுக்கலாம், பாட்டி நெஞ்சும் சூடுதானே. ஆனா அப்ப நீங்க முழிச்சிருக்கணும், கண்ணு சொருகுச்சுன்னா குழந்தைய படுக்கையில மல்லாக்க போட்டுடுங்க. மெத்தைய சூடு பண்ணணும்னா ஹாட் வாட்டர் பேக்க முன்னாடியே வெச்சு, குழந்தைய படுக்க வைக்கறப்ப எடுத்துடுங்க.

குளிருதான்னு பாக்க ஒரு வழி சொல்றேன், நான் நர்ஸா வேலை பாத்த காலத்துல எல்லா பாட்டிமாருக்கும் சொன்னது. உங்க பொறங்கைய குழந்தை வயித்துலயும் பாதத்துலயும் வெச்சுப் பாருங்க. ரெண்டும் இதமா இருந்தா நல்லாருக்கு. வயிறு சூடா பாதம் மட்டும் சில்லுனு இருந்தா குளிருது, உடனே நெஞ்சோட சேத்து வெச்சு பால் குடுக்கணும். ரெண்டுமே சில்லுனு இருந்தா வெச்சு பாத்துட்டு இருக்காதீங்க, நெஞ்சோட அணைச்சபடியே 108-அ கூப்டு கெளம்பிடுங்க. மலை ரோட்டுல ஆஸ்பத்திரி போக நேரமாகும், அதனால காலைல பாத்துக்கலாம்ங்கற பேச்சே இங்க கூடாது.

கேள்வி: பேரனுக்கு சேனை தொட்டு வைக்க தேன் வாங்கி வெச்சிருக்கேன், மருமக வேணாங்கறா. மலைத்தேன்தான், கலப்படமில்ல.
– வாசகி, கூடலூர்

பதில்: சுத்தமான தேனா இருந்தாலும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம்மா, அதுல இருக்கற ஒரு கிருமி பச்ச குழந்தை குடல்ல பெருகி உடம்பையே தளர வெச்சிடும். சர்க்கரத் தண்ணி, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், 6 மாசம் தாய்ப்பால் மட்டும். முதல்ல வர்ற மஞ்சளான சீம்பால்தான் அவனுக்கு சேனை. தேன அவன் ஒண்ணாவது பொறந்தநாளுக்கு அப்புறம் குடுங்க, அதுவரைக்கும் வசம்ப கையில கட்டுங்க போதும், வாயில வேண்டாம்.

கேள்வி: ரிடையர்டு ஆளு நான். பேத்தி பொறந்து 24 நாளாச்சு. மனைவிக்கு முட்டி வலி, அவளேதான் சமையலும் பாக்கறா. குழந்தைய தூக்கினா கீழ போட்ருவீங்கன்னு வாங்கிக்கறாங்க. சும்மா உக்காந்திருக்கேன். இன்னொண்ணு, மருமக ராத்திரியில தனியா உக்காந்து அழுவுது, பகல்லயும் யார்கிட்டயும் பேசறதில்ல. பால் கட்டுன வலின்னு இவ சொல்றா. நான் என்னங்க செய்யறது?
– வாசகர், குன்னூர்

பதில்: ஐயா, உங்களுக்கு நெறைய வேலை இருக்கு. மழையும் மூடுபனியும் சேந்தா குன்னூர்ல துணி மூணு நாளானாலும் காயாது, ஈரத்துணிய கட்டுனா குழந்தைக்கு புண்ணு வரும். நாப்கின் துணிய தொவச்சு, சமையக்கட்டுல கொடி கட்டி காயப்போட்டு, அயர்ன் பண்ணி மடிச்சு வெக்கறத நீங்க எடுத்துக்கோங்க. பாக்க வர்றவங்கள வாசல்லயே சோப்பு போட்டு கை கழுவ வெக்கறதும், இருமல் சளி இருக்கறவங்கள அப்புறமா வாங்கன்னு அனுப்பறதும் வயசுல பெரியவரு நீங்க சொன்னாத்தான் எடுபடும். தடுப்பூசி அட்டையும் உங்க கையிலயே இருக்கட்டும், பொறந்தப்ப போட்டதுக்கு அடுத்து 6, 10, 14 வாரம், இந்த மூணையும் காலண்டர்ல குறிச்சிடுங்க. உக்காந்து மடியில வாங்குனா குழந்தை கீழ விழாது, அதையும் கேளுங்க.

ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி மருமக. பிரசவம் முடிஞ்ச மூணாம் நாளு நாலாம் நாளு நிறைய பொண்ணுங்களுக்கு காரணமில்லாம அழுகை வரும், ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும். 24 நாளாகியும் அழுகுதுன்னா அது பால் கட்டுன வலின்னு விடக்கூடாது, பேய் பிசாசுன்னும் யாரும் பேச வேண்டாம், அந்தப் பொண்ணோட குறையும் இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வா இருக்கலாம், அது வைத்தியத்துல சரியாகற நோயி. குழந்தைய பாக்க ஆயிரம் பேர் வர்றாங்க, பெத்தவள நீ தூங்குனியா சாப்டியான்னு கேக்க ஆள் இல்லாம போயிடுது, அத நான் பல வீட்டுல பாத்து வருத்தப்பட்டிருக்கேன். இன்னிக்கு ராத்திரி பால் குடுத்ததும் குழந்தைய நீங்களும் மனைவியும் மாத்தி மாத்தி வாங்கிக்கோங்க, மருமக ஒரு நாலு மணி நேரமாவது சேந்தாப்புல தூங்கட்டும். பத்தியம்னு தண்ணியையும் காய்கறியையும் கொறச்சிருந்தா அத நிறுத்துங்க. மகன் கூட போய் நாளைக்கே டாக்டர பாக்கட்டும். மனசு விட்டு பேசறதுக்கு 14416-ல டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் இருக்கு, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கணும்னு ஒரு வார்த்தை வாயில வந்தா அந்த நிமிஷத்துலருந்து தனியா விடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, ராத்திரியா இருந்தாலும் சரி.