வாசகர் கேள்வி: பழைய சீலிங் ஃபேனில் காற்றாலை செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், ஊர் கயத்தாறு பக்கம். மலாவி நாட்டில் ஒரு பையன் சைக்கிள் டைனமோவை வைத்துக் காற்றாலை கட்டி வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் ஆசை. வீட்டில் ஒரு பழைய சீலிங் ஃபேன் சும்மா கிடக்கிறது, பிவிசி பைப்பும் இருக்கிறது. மொட்டை மாடியில் கட்டலாமா? கரண்ட் பில் குறையுமா?

பதில்: தம்பி, கட்டுங்கள். தேசிய காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைச் சோதனை நிலையம் வைத்திருக்கும் ஊர் உங்களுடையது, காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த சீலிங் ஃபேனை மட்டும் எடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் பையன் வில்லியம் காம்குவாம்பா. 2001-02 பஞ்சத்தில் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றுபோன பிறகு, நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து, டிராக்டர் விசிறி, உடைந்த சைக்கிள், தீயில் வாட்டித் தட்டையாக்கிய பிவிசி பைப் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டினார். அவர் எடுத்த டைனமோவுக்குள் காந்தம் இருந்தது. உங்கள் சீலிங் ஃபேன் இண்டக்‌ஷன் மோட்டார், அதில் காந்தம் கிடையாது, நாள் பூரா சுற்றினாலும் பல்பு எரியும் அளவுக்கு ஒன்றும் வராது. முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள்.

காந்தம் உள்ள மோட்டார் வேண்டும். ரிமோட்டில் ஓடுகிறதே, அந்த பிஎல்டிசி ஃபேன், சர்க்யூட் போனது மெக்கானிக் கடைகளில் கிடைக்கும். சர்க்யூட்டைக் கழற்றிவிட்டால் மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும். இன்னும் நல்லது பேட்டரி சைக்கிளின் சக்கர நடுவில் இருக்கும் ஹப் மோட்டார், ஆனால் உள்ளே கியர் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: முதலில் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றும். அப்புறம் மூன்று ஒயர் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள், மாவாட்டுவது போலக் கனத்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கனம்தான் பிறகு உங்களுக்கு பிரேக், அதை மறக்கவேண்டாம்.

பிரேக் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். 1.2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை, இலைகள் விடாமல் ஆடும் அளவு காற்றில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், வீட்டில் செய்தது என்றால் 20 வாட் கொடுத்தாலே சந்தோஷப்படலாம். சின்ன மரங்கள் ஆடத் தொடங்கும்போது வேகம் 10 மீட்டரைத் தொடும், சக்தி 160 வாட்டுக்குப் போகும். 30 வாட் சொச்சத்துக்குச் செய்த ஃபேன் மோட்டார் அதைத் தாங்காது. நல்ல இறக்கையின் நுனி காற்றைப்போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் ஓடும், கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டருக்குப் பக்கம். என்னுடைய முதல் காற்றாலை ஒரு ஆடி மாத ராத்திரியில் இறக்கை பிய்ந்து அடுத்த வீட்டுத் தொழுவத்தில் போய் விழுந்தது. மாடு வெளியே கட்டியிருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அன்றைக்கு இறக்கை செய்யத் தெரிந்த எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அதனால் மூன்று ஒயரையும் ஒன்றாக இணைக்கும் ஒரு சுவிட்சைக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில் முதலிலேயே வைத்துவிடுங்கள். காற்று ஏறும்முன் போட்டுவிட வேண்டும், வெறிபிடித்துச் சுற்றும்போது போட்டால் நிற்கும் என்று நம்ப முடியாது. இன்னொன்று, வரும் கரண்ட்டை பேட்டரியில் சேர்க்கும்போது, பேட்டரி அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் சோலார் சார்ஜ் கண்ட்ரோலரை இதில் மாட்டாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சோலார் தகட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, காற்றாலையோ சுமை இல்லாமல் தறிகெட்டு ஓடும். மிச்சக் கரண்ட்டை ஒரு ஹீட்டர் கம்பிக்குத் திருப்பிவிடும், காற்றாலைக்கென்றே உள்ள கண்ட்ரோலர் வேண்டும். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

இறக்கைக்கு 6 இன்ச் பிவிசி பைப் போதும். 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நெடுக்காக நான்காகப் பிளந்தால் மூன்று இறக்கைக்கு ஆச்சு, ஒன்று மிச்சம். அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் சீவி, காற்றில்லாத அறையில் மாட்டிச் சுற்றிவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அதை உப்புத்தாளால் தேய்த்து எடையைக் குறைக்கவேண்டும். வெயில் பட்டுப் பட்டு பிவிசி நொறுங்கும், ஆகவே வருஷா வருஷம் மாற்றுங்கள்.

மொட்டை மாடி வேண்டாம். கட்டடத்தில் மோதி வரும் காற்று சுழன்று சுழன்று வரும், அதோடு அதிர்வு சுவர் வழியாக வீடு முழுக்க இறங்கும். வயக்காட்டில் திறந்த இடத்தில் ஜிஐ பைப்பை நட்டு, அடியில் கீல் வைத்து, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுங்கள். சாய்த்தே வேலை பார்க்கலாம், மேலே ஏற வேண்டியதில்லை. கம்பம் சாய்ந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடாத தூரம் இருக்கட்டும்.

பில் குறையாது, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 20 வாட் நாள் முழுக்க வந்தால்கூட அரை யூனிட்தான், அதுவும் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில். பில்லுக்கு சோலார் வாங்குங்கள். இது காட்டில் ஒரு விளக்குக்கும் செல்போனுக்கும் போதும், உங்கள் படிப்புக்கு அதைவிட நிறைய உதவும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் கண்காட்சிக்குச் சின்னதாக ஒரு காற்றாலை செய்ய என்ன வாங்கலாம்? பொம்மை மோட்டாரில் எல்இடி எரியவே இல்லை. - ஓர் ஆசிரியை, உடுமலை

பதில்: டீச்சர், பொம்மை மோட்டார் மிக வேகமாகச் சுற்றினால்தான் போதிய வோல்ட் தரும். பழைய பிரிண்டரில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும், பழைய இரும்புக் கடையில் கேளுங்கள், மெதுவாகச் சுற்றினாலே சிவப்பு எல்இடி எரியும். இறக்கைக்குத் தண்ணீர் பாட்டிலை வெட்டிக்கொள்ளலாம், காற்றுக்கு டேபிள் ஃபேன். ஒரே ஜோடி ஒயரில் இரண்டு எல்இடியை எதிரெதிராக மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இரண்டும் மாறி மாறி மின்னும், ஏசி கரண்ட் என்றால் என்ன என்று பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.