பிளஸ் ஒன் இயற்பியல் – கடிதம்

வணக்கம்.

என் மகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் 94 எடுத்தவள். பயோ-மேத்ஸ் குரூப்பில் பிளஸ் ஒன் சேர்த்தோம். முதல் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் மட்டும் ஃபெயில். "மண்டையில் ஏறவே இல்லை, காமர்ஸுக்கு மாறிக்கொள்கிறேன்" என்கிறாள். புரிந்துகொள்வதையெல்லாம் காலேஜில் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு டெரிவேஷன்களை மனப்பாடம் செய்யட்டும் என்கிறார் டியூஷன் ஆசிரியர். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் இயற்பியல் மார்க் பாதியாகத்தானே குறைகிறது என்று மைத்துனர் சொல்கிறார். நான் படித்தது வரலாறு. யார் பேச்சைக் கேட்பது?

மு., தென்காசி

அன்புள்ள மு. அவர்களுக்கு,

முதலில் உங்கள் மகளின் இரண்டு புத்தகங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாம் அலகே இயக்கவியல். அதில் வெக்டர் வந்துவிடுகிறது, வகையீடும் (டிஃபரன்ஷியேஷன்) தொகையீடும் (இன்டக்ரேஷன்) வந்துவிடுகின்றன. கணக்கில் இவை மூன்றும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன: வெக்டர் எட்டாம் பாடம், வகையீடு பத்தாவது, தொகையீடு பதினொன்றாவது. பாடங்களை வரிசையாக நடத்தினால் ஆண்டின் பிற்பாதியில்தான் அங்கே போய்ச் சேரும். இயற்பியல் ஆசிரியரோ "இதெல்லாம் மேத்ஸில் வரும்" என்று தாண்டிப் போவார். பத்தாம் வகுப்பில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்தது. அந்தப் பழக்கத்தோடு வந்த பிள்ளை இங்கே முட்டி நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே டியூஷனை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, கணக்குத் தெரிந்த யாரிடமாவது வகையீட்டின் அடிப்படையை மட்டும் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். நிறைய வேண்டாம். வரைபடத்தின் சாய்வு என்றால் என்ன என்பது பிடிபட்டால் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் அதன் திசைவேகம் சுழி. முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே சுழி என்றுதான் சொல்வார்கள். எறிந்த வேகம் நொடிக்கு 19.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடி கழித்து 9.8, இரண்டாம் நொடியில் 0, மூன்றாம் நொடியில் கீழ்நோக்கி 9.8. இதை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே நேர்கோடு. சுழியைக் கடக்கும் இடத்திலும் அந்தக் கோட்டின் சாய்வு மாறுவதில்லை. அந்தச் சாய்வுதான் முடுக்கம், கீழ்நோக்கி 9.8. உச்சியில் முடுக்கமும் சுழியாகி அப்படியே நீடித்தால் பந்து அங்கேயே நின்றுவிடும், விழவே விழாது! இந்த ஒரு கோட்டைத் தானே வரைந்து பார்த்தவளுக்கு இயக்கச் சமன்பாடுகளை உருப்போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

டியூஷன் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. 70 மார்க் எழுத்துத் தேர்வில் ஐந்து மார்க் கேள்விகளுக்கு மட்டும் 25. டெரிவேஷனை ஒப்பித்தே அதில் பெரும்பகுதியை வாங்கிவிடலாம். ஆனால் பிளஸ் டூவில் மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் வரும்போது, புரியாமல் சேர்த்துவைத்ததெல்லாம் வட்டியோடு வந்து நிற்கும். பயோ-மேத்ஸ் என்கிறீர்கள், நீட் எண்ணமும் இருக்கலாம். அங்கே இயற்பியலில் 45 கேள்விகள், 180 மார்க். ஒன்றில்கூட டெரிவேஷன் எழுதச் சொல்ல மாட்டார்கள். மைத்துனரின் கணக்கும் சரிதான்: 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதற்காகப் பாதி படித்தால் போதுமா என்ன?

வீட்டில் செய்ய ஒரு வேலை தருகிறேன். ஒரு நூலில் சின்னப் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், நீளம் ஒரு மீட்டர். லேசாக ஆட்டிவிட்டு 20 அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் ஒரு அலைவு) ஆகும் நேரத்தைப் ஃபோனில் பாருங்கள். ஏறத்தாழ 40 நொடி வரும். பூட்டை மாற்றி, நீளத்தை அதே ஒரு மீட்டராக வைத்தால் நேரம் மாறாது. நூலைக் கால் மீட்டராக்கினால் பாதியாகும். இதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை அவளே கணக்கிடட்டும். 9.5 வந்தால் திருத்த வேண்டாம், எங்கே பிசகியது என்று தேடட்டும். முடிச்சு வரை அளந்தாளா, பூட்டின் நடு வரை அளந்தாளா? (பிராக்டிகல் தேர்வில் முதலில் 9.8 என்று எழுதிவிட்டு அதற்கேற்ப அளவீடுகளை நிரப்பும் கலை நம் பள்ளிகளில் ரொம்ப காலமாக இருக்கிறது.)

இவ்வளவுக்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் காமர்ஸுக்குப் போகட்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எதுவரை குரூப் மாற்றலாம் என்று பள்ளியில் இப்போதே கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்குப் போய்த் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயும் இதே இயற்பியல்தான்.

அப்புறம், 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத் தேர்வை 2025இல் அரசு எடுத்துவிட்டது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேரே பிளஸ் டூவுக்குத் தாவும் பழைய வழக்கம் சில பள்ளிகளில் திரும்பலாம். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டாம். மகளின் நோட்டைப் புரட்டுங்கள். நிலைமின்னியல் என்று தலைப்பு இருந்தால் அது பிளஸ் டூவின் முதல் பாடம். உடனே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.