கிரீன் கார்டில் வந்த கையோடு மகனுக்குக் கல்லூரி உதவித்தொகை: ஃபாஃப்சா கேள்விக்குப் பதில்

தம்பி, அக்கா ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் 2025 ஜூலையில் நான்கு பேராக நியூ ஜெர்சி வந்திருக்கிறீர்கள். மகன் 12ஆம் வகுப்பு. 2026 செப்டம்பரில் கல்லூரி. ஊரில் 2024இல் உங்கள் சம்பளமும் மனைவியின் சம்பளமும் சேர்த்து 12 லட்சம். திருச்சியில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று, பிரிக்காத பூர்வீக நிலம். "ஐந்து வருஷம் ஆகாமல் அரசு உதவி எதுவும் கிடையாதாமே, ஊர்ச் சொத்தைக் காட்டினால் உள்ளதும் போய்விடுமாமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஐந்து வருஷக் கதை. அது மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவி, உணவு உதவி மாதிரியான திட்டங்களுக்கு உள்ள விதி. மாணவர் உதவித்தொகை அந்தச் சட்டத்திலேயே விலக்கி வைக்கப்பட்டது. கிரீன் கார்டு இருந்தால் வந்த முதல் வருஷமே விண்ணப்பிக்கலாம், அதற்கான மத்திய அரசுப் படிவம்தான் ஃபாஃப்சா. உங்களுக்காக அஃபிடவிட் கொடுத்த அக்காவின் வருமானத்தை ஃபாஃப்சா கேட்காது. அவர் வீட்டில் குடியிருந்தாலும் அவர் உங்கள் குடும்பக் கணக்கில் வரமாட்டார்.

இனி படிவம். 2026-27 கல்வியாண்டுக்கு ஃபாஃப்சா பார்ப்பது 2024ஆம் ஆண்டு வருமானத்தை. அதாவது நீங்கள் அமெரிக்காவில் கால் வைக்காத வருஷம். வரித்துறையிலிருந்து தானாக வந்து விழ ஒன்றும் இல்லை, எல்லாம் கையால் நிரப்ப வேண்டும். "2024க்கு அமெரிக்க வரிக் கணக்கு தாக்கல் செய்தீர்களா" என்றால் இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்தீர்களா, அங்கே தாக்கல் செய்தீர்களா என்றால் ஆம். இங்கே கணக்கே இல்லாவிட்டாலும், வரித் தகவலை எடுத்துக்கொள்ள ஒப்புதல் தரும் பெட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் தராத ஒருவர் இருந்தால் மொத்த விண்ணப்பமும் மத்திய உதவிக்குத் தகுதி இழக்கும்.

நம் ஊரில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக் கணக்கு போடும் வழக்கம் கிடையாது. அதனால் உங்கள் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேரும் தனித்தனியாகப் படிவத்தில் சேர வேண்டும். இங்கே கூட்டாக வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு ஒருவர் போதும். "எங்க வீட்ல நான் மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று பக்கத்து வீட்டார் சொன்னால் அது அவர் வீட்டுக்குச் சரி.

எந்த வருஷத்து ஐடிஆர் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் 2024 இரண்டாக வெட்டுப்படுகிறது. 2024இன் அதிக மாதங்கள் எதில் இருக்கின்றனவோ அந்தக் கணக்கை எடுக்க வேண்டும்: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. ஐடிஆர் தலைப்பில் அது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று இருக்கும். ஒரு வருஷம் முந்தியதை எடுத்துவிட்டுப் பிறகு சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். படிவம் நிரப்பும் நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்கி எழுதுங்கள். 12 லட்சம் என்பது சுமார் 13,000 டாலர் வரும். 12,00,000 என்று ரூபாயை அப்படியே தட்டிவிட்டால் கணினிக்கு நீங்கள் மில்லியனர். படிவம் அதைத் தடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அனுப்பும் முன் சுருக்கப் பக்கத்தில் வருமானத் தொகையை இருவரும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் கணக்குத் திறக்க வேண்டும். ஸ்டூடன்ட்எய்ட் டாட் ஜிஓவி தளத்தில் மகன், நீங்கள், மனைவி மூவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஈமெயில், தனித்தனி ஃபோன் எண். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சிக்குவது பெயரில். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிய பாஸ்போர்ட், அதே பெயர் முன்பின்னாக மாறிய பள்ளி ஆவணம், ஒற்றைப் பெயர் என்பதால் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்த கிரீன் கார்டு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். மூவரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டைகளையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். 05/07 என்பது மே 7. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தோடு ஒத்துப்பார்ப்பது இப்போது பெரும்பாலும் உடனே முடிந்துவிடும், ஆனால் பெயர் ஒத்துப்போகாவிட்டால் இழுக்கும். ஆகவே கடைசித் தேதியன்று கணக்குத் திறக்கும் வேலை ஆகாது.

மகன் தன் கணக்கிலிருந்து படிவத்தைத் தொடங்கி, உங்கள் இருவரையும் ஈமெயிலில் அழைக்கட்டும். நீங்கள் ஒரு படிவம், அவன் ஒரு படிவம் என்று இரண்டாகத் தொடங்காதீர்கள். கிரீன் கார்டில் உள்ள 9 இலக்க 'ஏ' எண்ணை மகனின் பகுதியில் சரியாகப் போடுங்கள், அதை வைத்துத்தான் குடிவரவுத் துறையோடு ஒத்துப்பார்ப்பார்கள். ஒத்துப்போகவில்லை என்று முடிவுச் சுருக்கத்தில் வந்தால் பதற வேண்டாம். அட்டையோடு கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் மறுபடி சரிபார்க்க அனுப்புவார்கள். ஒரே படிவத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். இதற்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளமோ ஆலோசகரோ வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

சொத்துக் கேள்விக்கு வருகிறேன், உங்கள் பயமே இதில்தானே. வருமானம் குறைந்தவர்களுக்கு இந்தப் பக்கம் வராமலே போவதுண்டு. வந்தால் உள்ளதை எழுதுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. ஆனால் திருச்சி வீட்டில் நீங்கள் குடியில்லை, அது முதலீடு. அரசு வழிகாட்டி மதிப்பை எழுதக் கூடாது. இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதில் வீட்டுக் கடன் பாக்கியைக் கழித்து எழுத வேண்டும். பூர்வீக நிலம் உங்கள் அப்பாவுக்கு மட்டுமே சொந்தம் என்றால் அது உங்கள் சொத்தல்ல. அண்ணன் தம்பிகளோடு கூட்டாக உங்கள் பெயரும் இருந்தால் உங்கள் பங்கு மட்டும். 2026-27 முதல் குடும்பப் பண்ணைக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது குடும்பமே அதில் குடியிருந்து நடத்தும் பண்ணைக்கு. குத்தகைக்கு விட்ட வயலுக்குப் பொருந்தாது. என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு), ஃபிக்ஸட் டெபாசிட் எல்லாம் வரும், படிவம் அனுப்பும் நாளின் இருப்புதான் கணக்கு. எல்ஐசி பாலிசியின் மதிப்பு வராது. போட்டுக்கொள்ளும் நகை வராது; தங்கப் பத்திரமாக வைத்திருந்தால் வரும். தாத்தா பேரன் பெயரில் டெபாசிட் போட்டிருந்தால் கவனியுங்கள்: மாணவன் பெயரில் உள்ள பணத்தில் 20 சதவீதத்தைக் கல்லூரிக்குத் தரக்கூடியதாகக் கணக்கிடுவார்கள், பெற்றோர் சொத்தைவிட மிகக் கடுமையான விகிதம் அது.

இதையெல்லாம் மறைக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இந்த வருஷம் இல்லை. 2026-27க்கு நான்கு பேர் கொண்ட, பெற்றோர் இருவரும் உள்ள குடும்பத்தின் 2024 வருமானம் 54,600 டாலருக்குள் இருந்தால், பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு மானியம் முழுதாகப் பெறத் தகுதி. நீங்கள் அதில் கால்வாசி. 2025-26க்கு முழு பெல் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டாத பணம். பொய் சொன்னால் அபராதமும் சிறையும் இருக்கிறது, கிடைக்கப்போவதோ ஒன்றுமில்லை.

நியூ ஜெர்சியில் ஃபாஃப்சாவோடு வேலை முடியாது. மாநிலத்தின் மாணவர் உதவி அமைப்பான ஹெசா நடத்தும் என்ஜேஃபாம்ஸ் தளத்தில் கணக்குத் திறந்து, மாநிலத்துக்கான கூடுதல் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். ஃபாஃப்சா போட்டாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்து மாநில கிராண்டைக் கோட்டைவிடும் குடும்பங்கள் நிறைய. அந்தத் தளத்தில் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வரும். அது காலியாகும்வரை வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். டேக் என்பதுதான் அந்த மாநில கிராண்ட்; முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் கடைசித் தேதி செப்டம்பர் 15. கல்லூரிகளின் முன்னுரிமைத் தேதி அதற்குப் பல மாதம் முன்னாலேயே வந்துவிடும், அதைத்தான் உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். டேக்குக்கு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும். ஜூலையில் வந்தவர்களுக்கு 2026 செப்டம்பரில் அது நிறைந்துவிடும். வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், மகனின் பள்ளிச் சேர்க்கைத் தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். இடையில் மாநிலம் மாறினால் அந்த 12 மாதம் முதலிலிருந்து தொடங்கும், மாநிலவாசிகளுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணமும் போய்விடும். பென்சில்வேனியாவில் வேலை கிடைத்தால் இதையும் யோசித்துப் போங்கள்.

இங்கே பலரும் பார்க்கத் தவறுவது அடுத்த வருஷங்களை. ஃபாஃப்சா ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போட வேண்டியது. இரண்டாம் ஆண்டுப் படிப்புக்கு 2025 வருமானம்: பாதி ரூபாய், பாதி டாலர். மூன்றாம் ஆண்டுக்கு 2026, முழுக்க இங்கத்திய சம்பளம். எவ்வளவு உதவி என்று கல்லூரி அனுப்பும் முதல் வருஷ அவார்டு லெட்டரைப் பார்த்துக் கல்லூரியை முடிவு செய்தால் மூன்றாம் வருஷம் மூச்சுத் திணறும். அப்போது திருச்சி வீடும் கணக்கில் எட்டிப் பார்க்கும். கணக்கு இப்படி: பெற்றோர் சொத்தின் நிகர மதிப்பில் 12 சதவீதத்தை வருமானத்தோடு சேர்ப்பார்கள், கழிவுகள் போக மிஞ்சுவதில் 22 முதல் 47 சதவீதம் உங்கள் பங்கு. வீடு 80,000 டாலர் பெறும் என்றால் 9,600 சேரும். சம்பளம் ஏற்கெனவே கழிவுகளைத் தாண்டியிருந்தால் அந்த வீட்டால் மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 2,100 டாலர் உங்கள் தலையில். வீட்டை விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நான்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறேன்.

அந்தக் கணக்கில், மதிப்பெண் நடுத்தரமாக உள்ள பையனுக்கு என் வோட்டு உள்ளூரில் உள்ள இரண்டாண்டுக் கவுன்டி கல்லூரிக்கே. குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால் மாநிலத்தின் சிசிஓஜி திட்டம் மற்ற கிராண்டுகள் போக மிஞ்சும் கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடும். பெல்லே கட்டணத்தைத் தாண்டினால் மிச்சம் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் அவன் கையில் வரும். இரண்டு வருஷத்தில் அசோசியேட் பட்டம் முடித்தால், ஏஏ அல்லது ஏஎஸ் பட்டமாக இருக்கும் பட்சத்தில், மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களின் அலகுகளை) ஏற்க வேண்டும் என்று நியூ ஜெர்சியில் சட்டமே இருக்கிறது. ஏஏஎஸ் என்று மூன்றெழுத்துப் பட்டம் எடுத்தால் அந்த உறுதி இல்லை. பாடப்பிரிவு தேர்வு செய்யும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிக நல்ல மதிப்பெண் என்றால் முழுத் தேவையையும் ஈடுகட்டும் தனியார் கல்லூரிகளையும் விடாதீர்கள். அவர்கள் அறிவிக்கும் முழுக் கட்டணம் பயமுறுத்தும், ஆனால் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டுவது) போட்டுப் பார்த்தால் சில இடங்களில் அரசுப் பல்கலையைவிடக் குறைவாக வரும். இவர்களில் பலர் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இரண்டாவது படிவம் கேட்பார்கள். அது ஃபாஃப்சாவைவிட நுணுக்கமாகத் துருவும். வருமானம் 1,00,000 டாலருக்குள் உள்ள குடும்பத்துக்கு அதன் கட்டணமும் கிடையாது.

படிவம் போன பிறகு கல்லூரி சரிபார்ப்புக்கு அழைக்கலாம். வெளிநாட்டு வருமானம் என்றால் வாய்ப்பு உண்டு என்றே தயாராக இருங்கள். ஐடிஆர் நகல், ஃபார்ம் 16 இரண்டு பேருடையதும் வேண்டும். ஊர்க் கம்பெனியின் ஈமெயில் மூடப்படும் முன் இறக்கி வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் வருமான வரித் தளத்தில் ஐடிஆர் கிடைக்கும். தமிழில் உள்ள பத்திரம் கேட்டால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுங்கள்.

மார்ச், ஏப்ரலில் அவார்டு லெட்டர்கள் வரும். கிராண்ட், கடன், வொர்க் ஸ்டடி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் வழக்கம் பல கல்லூரிகளுக்கு உண்டு. மொத்தச் செலவில் கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழியுங்கள். வொர்க் ஸ்டடி என்பது மகன் வேலை செய்தால் வரும் சம்பளம், ஃபீஸ் பில்லில் கழியாது. மத்தியக் கடன் முதல் வருஷம் 5,500 டாலர் வரை. அதில் 3,500 வரை சப்சிடைஸ்டு, படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது. மீதி அன்சப்சிடைஸ்டு, முதல் நாளே வட்டி ஓடும். சப்சிடைஸ்டு பகுதியை ஏற்று, மற்றதை நிராகரிக்கலாம், ஒரு பைசாவும் கடன் வேண்டாம் என்றும் சொல்லலாம். கிராண்ட் அதனால் குறையாது. பெற்றோர் பெயரில் எடுக்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு மாணவனுக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. உங்களுக்கு அது தேவைப்படும் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம் என்பேன்.

எச்1பி வேலை விசாவில் உள்ள உங்கள் நண்பரும் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரைச் சார்ந்து எச்4 விசாவில் உள்ள பிள்ளைக்கு மத்திய உதவி இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளை என்றால் பெற்றோரின் விசா எதுவானாலும் பிள்ளைக்கு முழுத் தகுதி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அம்மாவும் இப்போது கணக்குத் திறக்கலாம்.

மகன் சேர்ந்த பிறகு ஒரு விஷயம். முழு பெல்லும் டேக்கும் வர செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேண்டும். கஷ்டமான பாடத்தை நடுவில் விட்டு 9க்கு இறங்கினால் பணம் குறையும், சில நேரம் கொடுத்ததைத் திருப்பியும் கேட்பார்கள். விடும் முன் பாட ஆலோசகரிடம் மட்டும் கேட்டால் போதாது, உதவித்தொகை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடச் சொல்லுங்கள்.