பூனைக்குக் கதிரியக்க ஊசி போடலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். எங்கள் பூனைக்கு 13 வயது. எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிகிறது, ராத்திரியெல்லாம் கத்துகிறது. தைராய்டு அதிகம் என்றார்கள். மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுக்கிறது. கதிரியக்க அயோடின் ஊசிதான் நல்லது என்கிறார் டாக்டர். வீட்டில் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் இந்த நோய்க்கு இருக்கிற வைத்தியங்களில் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். மாத்திரை நோயை அடக்கி வைக்கும், குணமாக்காது. இந்த ஊசி ஒரே தடவையில் நூற்றுக்குச் சுமார் 95 பூனைகளைக் குணப்படுத்துகிறது. மயக்க மருந்துகூடத் தேவையில்லை, தோலுக்கடியில் போடுகிற சாதாரண ஊசிதான்.

தைராய்டு சுரப்பி அயோடினைத் தேடி இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி வேலை செய்கிற பகுதிதான் அதிகம் இழுக்கும். நல்ல பகுதி அப்போது ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும், அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஊசியில் போகிற கதிரியக்க அயோடின் அங்கே சேர்ந்து அந்த நோயுற்ற பகுதியை அழிக்கும். அப்படி அழிக்கிற கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் கூடவே பூனையின் உடலைத் தாண்டி வெளியே வரும் காமா கதிரும் உண்டு. சிறுநீரிலும் கொஞ்சம் அயோடின் வெளியேறும். அதனால்தான் பூனையை மருத்துவமனையிலேயே தனியாக வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை நாள் என்பது மையத்துக்கு மையம் மாறும்: சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். இந்த அயோடினின் வீரியம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.

ஊசிக்கு முன்னாலேயே மகள் கர்ப்பமாக இருப்பதை அந்த மையத்தில் சொல்லிவிடுங்கள். கூடுதல் நாள் அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் சொல்கிற காலம் வரை மகள் பூனையை மடியில் வைக்கவோ பக்கத்தில் படுக்கவிடவோ வேண்டாம். மலத்தட்டை நீங்களே கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடாமல் இருப்பது எப்போதுமே நல்லது, பூனை மலத்திலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று வரலாம்.

கதிரியக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது சிறுநீரகம். தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாயும். அந்த வேகம் அதன் பலவீனத்தை மறைத்துவிடும். தைராய்டு சரியானதும் அது வெளியே தெரியவரும். ஊசி அதைக் கெடுத்தது என்று அப்போது நினைத்துவிடக் கூடாது. மாத்திரையை முற்றிலும் கைவிடாமல், அளவைக் குறைத்தோ காது மடலில் தடவும் களிம்பாகவோ சில வாரம் கொடுத்துப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு அளவு இறங்கியபின் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் உண்மை நிலை தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஊசிக்கு நாள் குறியுங்கள்.