பாரம் தூக்கிய பின் அடிவயிற்றில் வீக்கம்

கேள்வி: கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்குச் சிறிய கேரட் தோட்டம் உள்ளது. 46 வயதான என் கணவர், சென்ற மாதம் மூட்டையைத் தோளில் ஏற்றி மேட்டுச் சாலைக்குக் கொண்டுபோனபோது வலது அடிவயிற்றில் சுருக்கென்று வலித்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து தொடை இடுக்குக்குச் சற்று மேலே எலுமிச்சை அளவில் வீக்கம் தெரிகிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது. சதைப்பிடிப்புதான் என்று சொல்லி, சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிக்கொள்ள நினைக்கிறார். போகலாமா?
- வாசகி, கேத்தி

பதில்: வேண்டாம், சகோதரி. படுத்தால் வீக்கம் மறைகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான குறிப்பு. தசைநார் கிழிந்தால் அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கும், படுக்கையிலிருந்து எழும்போது இழுத்துப் பிடிக்கும், சில சமயம் தோல் கன்றிப்போகும். ஆனால் நின்றால் புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் அதனால் வருவதில்லை. அப்படி வருவது பெரும்பாலும் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா.

ஆண்களுக்கு விதைப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் அடிவயிற்றுச் சுவரைக் கடந்து போகும் வழி இயல்பாகவே சற்றுப் பலவீனமானது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போதும், நாள்பட்ட இருமலிலும், மலச்சிக்கலில் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, குடலின் ஒரு பகுதியோ அதைச் சுற்றியுள்ள கொழுப்போ அந்த வழியாக வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே அந்த ஒரு மூட்டையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இருந்த பலவீனத்தை அது வெளிக்காட்டியிருக்கலாம்.

எண்ணெய் தடவி உருவுவதை நான் இவ்வளவு உறுதியாக மறுப்பதற்குக் காரணம், புடைப்புக்குள் இருப்பது குடலாக இருக்கக்கூடும் என்பதுதான். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலி கூடி, வாந்தி வந்து, மலமும் வாயுவும் நின்றுபோனால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். இரத்த ஓட்டம் தடைபட்ட குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கலாம். மலையில் இரவிலும் மழையிலும் வண்டி கிடைப்பது கடினம் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். அதற்குள் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள்.

இப்போது வலி இல்லையென்றால், இந்த வாரத்திலேயே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தாலே மருத்துவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார். பெரியவர்களுக்குக் குடலிறக்கம் தானாகச் சரியாவதில்லை. கடையில் விற்கும் பெல்ட் அதைக் குணப்படுத்தாது. பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையே தீர்வு. பரிசோதனையில் வெறும் தசைப்பிடிப்பு என்று தெரிந்தால், ஓய்வே போதும். சில வாரங்களில் ஆறிவிடும்.

அதுவரை மூட்டை தூக்க வேண்டாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அதனால் வரும் இருமல் வீக்கத்தைப் பெருக்கும், அறுவைக்குப் பின் தையலையும் இழுக்கும். அறுவை முடிந்தபின் பாரம் தூக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அடுத்த அறுவடைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.